வடிவின் எலும்புகள்

ஜூன் 9, திங்கள்

எலும்பு டாக்டர் ரெஜினா சொன்னதன்பேரில் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். "வீட்டம்மா என்ன சாப்பிடுறாங்க, எத்தனை மணிக்கு, எவ்வளவுன்னு தினமும் குறிச்சு வைங்க சார். எலும்பு ஸ்கேனுக்கு அடுத்த மாசம்தான் தேதி கிடைச்சிருக்கு. அதுவரைக்கும் சாப்பாடு, மாத்திரைன்னு பார்ப்போம்" என்றார். இருபத்தொன்பது வருஷமாக உடற்கல்வி ஆசிரியராக இருப்பவனுக்கு உடம்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

நோயாளி என் மனைவி வடிவு. வயது 51. எடை 54 கிலோ. சனிக்கிழமை துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்ததில் இடது முன்கை முறிந்தது. நான்கு வருஷத்தில் இது மூன்றாவது. 2021இல் வலது கைச் சுண்டுவிரல், கதவிடுக்கில் மாட்டியது. 2023இல் இடது கணுக்கால், படியில் தவறியது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு உள்ளுக்குள் அரித்துப்போகும் என்று டாக்டர் விளக்கினார். நானும் அதைத்தான் வெகுநாளாகச் சொல்கிறேன். உனக்குச் சாக்பீஸ் எலும்புளா, தொட்டால் முறிகிறது என்று.

டாக்டர் சொன்னவை: பால், தயிர், கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, தலையோடு தின்கிற நெத்திலி. கால்சியம் மாத்திரை சாப்பாட்டுக்குப் பின் காலை ஒன்று, இரவு ஒன்று. அதைக் காபியோடு போடக்கூடாது. வெயிலில் கால்மணி நேரம் நிற்க வேண்டும். முடிந்தமட்டும் நடக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வடிவு ஜன்னல் கம்பியோடு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டாள். மாவுக்கட்டு கனம் போலும்.

ஜூன் 10, செவ்வாய்

காலை 6.30: கேழ்வரகுக் கூழ் ஒரு செம்பு. 8.00: இட்லி 3, எள்ளுப்பொடி, கால்சியம் 1. மதியம்: சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், தயிர். மாலை: எள்ளுருண்டை 2. இரவு: பால் ஒரு டம்ளர், தோசை 2, கால்சியம் 1.

ஒரு கையால் சமைக்கிறாள். நேரம் பிடிக்கிறது. இட்லி எட்டுமணிக்கு வர வேண்டியது எட்டு இருபதுக்கு வந்தது.

ஜூன் 14, சனி

பிரண்டைக்கு எலும்பைக் கூட்டும் குணம் உண்டு. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் வேலியிலிருந்து ஒரு பிடி ஒடித்துத் தந்தாள். நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்துத் துவையல் அரைத்தால்தான் அரிக்காது என்று வடிவு சொன்னாள். ஒற்றைக் கையால் நார் உரித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுமை இல்லை. மிக்சியில் பச்சையாகவே அடித்துச் சாறாகக் கொடுத்தேன். சத்து அதில்தான் முழுதாக இருக்கும்.

"இங்கேருங்க, தொண்டையெல்லாம் ஊறலெடுக்குது. வேண்டாம்ங்க" என்று துப்பினாள். புதுத் தரை. தாடையைப் பிடித்து ஊட்ட வேண்டியதாயிற்று. உதடு பல்லில் பட்டுச் சற்றுக் கிழிந்தது. டம்ளர் விளிம்பு கூராக இருந்திருக்க வேண்டும்.

இரவு அவள் எதுவும் விழுங்கவில்லை. வாய் வீங்கியிருந்தது.

ஜூன் 19, வியாழன்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வைட்டமின் டி பதினான்கு. குறைந்தது முப்பது வேண்டுமாம். வாரம் ஒரு மாத்திரை, எட்டு வாரத்துக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். அறுபதாயிரம் யூனிட் என்று அட்டையில் போட்டிருக்கிறது.

எட்டு வாரம்! எந்தப் பிள்ளையையும் எட்டு வாரத்தில் மாவட்டப் போட்டிக்குத் தயார்செய்து அனுப்பியிருக்கிறேன். தினமும் ஒன்று கொடுத்தால் எட்டு நாளில் முடிகிற காரியம். கால்சியத்தையும் நாளைக்கு நான்காக்கிவிட்டேன். ஒரே கடையில் கேட்டால் சீட்டைக் காட்டச் சொல்வான் என்று மூன்று கடைகளில் வாங்கினேன்.

ஜூன் 22, ஞாயிறு

அட்டவணைப்படி எல்லாம். ஆட்டுக்கால் சூப் கூடுதல்.

ஜூன் 29, ஞாயிறு

வெயில் நேரத்தை முக்கால்மணி நேரமாக்கி ஒரு வாரம் ஆகிறது. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். மதிய இடைவேளையில் வந்து மாடியில் நிறுத்திவிட்டு விசில் ஊதிக் கணக்கெடுக்கிறேன். இன்று விடுமுறை என்பதால் நான் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மேலே சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி நிழலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"தரை சுடுதுங்க. செருப்பப் போட்டுக்கிடட்டுமா?"

"செருப்பு போட்டா சத்து ஏறாதுளா."

"தலை சுத்துது. தண்ணி மட்டும் குடிச்சிட்டு வாரேன்."

தினமும் ஒரு சாக்கு. கொண்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். உள்ளங்காலில் கொப்புளம் என்று காட்டினாள். கொப்புளத்தையும் பார்த்தேன், நடிப்பையும் பார்த்தேன். முதுகில் இரண்டு வைத்தபிறகுதான் நேராக நின்றாள். நிழலுக்குப் போக ஒரு எட்டு எடுத்துவைத்தாள், முழங்காலுக்குப் பின்னால் தட்டினேன். விழுந்தாள். எழுந்தாள்.

கை முறிந்த அன்று, ஜூன் 7ஆம் தேதியும் இதே பிடிவாதம்தான். பிடித்த கையை அவள் இழுக்காமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான் மகள் மாலினிக்கு எவ்வளவு பணம் அனுப்பினாய் என்றுதான் கேட்டேன். பதில் சொல்ல வேண்டியதுதானே.

முக்கால்மணி நேரம் நிறைவு. வைட்டமின் மாத்திரை எட்டு முடிந்தும் நிறுத்தவில்லை, தினமும் ஒன்று தொடர்கிறது. மதியம் நெத்திலிக் குழம்பு.

ஜூலை 6, ஞாயிறு

துளசித் தொட்டி மண்ணைக் கிளறியபோது வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கால்சியம் மாத்திரைகள். பாதி கரைந்தும் கரையாமலும் பதினொன்று. அவளுக்காக மூன்று கடை ஏறி இறங்கியவன் நான்.

"எடுத்தா வயிறு கல்லு மாதிரி இறுகிப்போகுதுங்க. நாலு நாளாச்சு வெளிக்கிப் போயி. ஓங்கரிச்சுக்கிட்டே இருக்கு. டாக்டரம்மா ரெண்டுதானே சொன்னாவ."

"டாக்டருக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?"

"அவுகதானே டாக்டரு."

இந்தப் பேச்சு முன்பெல்லாம் கிடையாது. பெல்ட்டைக் கழற்றினேன். மாவுக்கட்டில் படாமல் பார்த்துக்கொண்டேன் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். தொடையிலும் முதுகிலும் மட்டும். எலும்பில்லாத சதையில் எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது என்று தெரிந்தவன் நான். அடிக்கும்போது அவள் அழவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குக் கூடுதல் கோபம். பக்கிள் பக்கமாகத் திருப்பிப் பிடித்தது அப்போதுதான்.

மண்ணோடு அந்தப் பதினொன்றையும் கழுவி, என் முன்னால் மென்று விழுங்க வைத்தேன். எட்டாவதில் வாந்தி எடுத்தாள். மிச்சம் மூன்றையும் கொடுத்தேன்.

செல்லத்தாய் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "சாரே, என்ன சத்தம்?" என்றாள். "பூனை" என்றேன்.

ஜூலை 10, வியாழன்

தாகம், தாகம் என்று குடம் குடமாகக் குடிக்கிறாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பாத்ரூம். நேற்று இரண்டு தடவை, இன்று ஐந்து தடவை வாந்தி. சத்து ஏறும்போது உடம்பு பழைய கசடை வெளியே தள்ளும். கூழில் இனிமேல் கருப்பட்டி சேர்க்கலாம்.

என்னைப் பார்த்து, "அண்ணாச்சி எப்ப வந்தீய?" என்றாள். இறந்துபோன அவளுடைய அண்ணன் என்று நினைத்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் அடித்தேன். கன்னத்தில் தட்டினேன். தெளிந்தது.

ஜூலை 14, திங்கள்

பன்னிரண்டே முக்காலுக்கு வெயிலில் நிறுத்திவிட்டுப் பள்ளிக்குத் திரும்பினேன். ஒன்றரைக்குச் செல்லத்தாயிடமிருந்து போன். வடிவு மாடிப்படியில் மடங்கிக் கிடந்தாளாம். கண் திறந்திருக்கிறதாம், பேச்சில்லையாம். நான் வருவதற்குள் ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. யாரைக் கேட்டு ஏற்றினார்கள்?

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி, டாக்டர் ரெஜினா இருக்கிற அதே இடம். தீவிர சிகிச்சைப் பிரிவு. என்னை உள்ளே விடவில்லை.

ஜூலை 16, புதன்

ரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறிவிட்டதாம். சிறுநீரகம் திணறுகிறதாம். ஊசிவழியாக உப்புத்தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

டாக்டர் ரெஜினா, "என்ன கொடுத்தீங்கன்னு குறிச்சு வச்சிருக்கீங்களா சார்?" என்றார். பெருமையாகவே இருந்தது. எத்தனை பேர் சொன்னபடி குறித்து வைப்பார்கள்? பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து நீட்டினேன்.

நின்றுகொண்டே புரட்டினார். பிறகு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார்.

"வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதினேன். இருபத்தஞ்சு நாள்ல இருபத்தஞ்சு குடுத்திருக்கீங்க. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா உயிரோட கொண்டுவந்திருக்க முடியாது."

"சீக்கிரம் சரியாகட்டும்னுதான்..."

"பெல்ட்டும் அதுக்குத்தானா?"

நோட்டைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார். அது குடும்ப விஷயம். உணவுக் குறிப்பை மட்டும்தான் அவர் படித்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து மாலினி வந்துவிட்டாள். "அப்பா" என்றுகூடக் கூப்பிடவில்லை.

ஜூலை 18, வெள்ளி

வடிவுக்குத் தெளிந்துவிட்டது. எலும்பு ஸ்கேனும் மற்றப் படங்களும் எடுத்துவிட்டார்கள். டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளோடும் மாலினியோடும் முக்கால்மணி நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்கேன்ல எலும்பு நல்லா இருக்கு சார். அவங்க வயசுக்கு ரொம்ப நல்ல எலும்பு."

"அப்படின்னா மூணுதடவை எப்படி முறியும்?"

"அதை நான் உங்ககிட்ட கேக்கணும். முன்கை, கீழே விழுந்து முறிஞ்ச மாதிரி இல்ல. ஈரத்துணியப் பிழியிற மாதிரி முறுக்கினா வர்ற முறிவு அது. ஜூன் மாசமே நான் அவங்களத் தனியா வச்சுக் கேட்டிருக்கணும். எலும்புமேல பழியப் போட்டுட்டு நானும் கூழு குடிக்கச் சொல்லி அனுப்பிட்டேன்."

மெஷின் தவறாகக் காட்டியிருக்கலாம் என்றேன். அவர் படங்களை உறைக்குள் போட்டுக்கொண்டார்.

கதவு வழியே வடிவைப் பார்த்தேன். வலது கையால் தன் இடது தோளை, முழங்கையை, மாவுக்கட்டு பிரித்த முன்கையை, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக வாங்கிய பொருளைப் பார்ப்பதுபோல.

ஜூலை 22, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கோயம்புத்தூர் போவதாக ஏற்பாடாம். துணிமணியும் ஆதார், பாஸ்புக் முதலானவையும் எடுக்க மட்டும் காலை பத்துமணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். நான் பள்ளிக்குப் போயிருப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள். நான் போகவில்லை. அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னளா சொன்ன அந்த டாக்டர்காரிகிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீங்க எழுதினதத்தான் அவுக படிச்சாவ" என்றாள் வடிவு. பிறகு, "என் எலும்பு நல்ல எலும்பாம்" என்றாள்.

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. எனக்காகச் சிரித்த சிரிப்பு இல்லை.

"இத்தன வருசம் நான் சாக்பீஸுன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன். நடக்கையில கூடப் பயந்து பயந்துதான் காலெடுத்து வைப்பேன். நல்ல எலும்பாம்ங்க."

அறைந்தேன். சமையல்மேடையில் இடுப்பு இடித்துச் சரிந்தாள். மறுபடி அறைந்தேன். மூக்கிலிருந்து ரத்தம். மாலினி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கப்பா! கொன்னுருவீயளா?" அவளைத் தள்ளிய வேகத்தில் ஃப்ரிட்ஜில் தலை மோதி உட்கார்ந்துவிட்டாள். எழுந்து மறுபடி வந்தாள். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தால் கை தானாகவே திரும்பும். இருபத்தொன்பது வருஷப் பழக்கம். மாலினி முழங்கால் போட்டுக் கத்தினாள்.

வடிவு எப்போது எழுந்தாள் என்று தெரியாது. இரும்புத் தோசைக்கல். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதல் அடி என் இடது தோளில். காறை எலும்பு முறிகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. இரண்டாவது அடி முழங்கையில். மாலினியை விட்டுவிட்டுத் தரையில் விழுந்தேன். மூன்றாவதற்குத் தலைக்கு நேரே ஓங்கினாள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் அவள் மோவாயிலிருந்து என் சட்டையில் சொட்டியது.

அடிக்கவில்லை.

"எலும்பு முறியிற இந்தச் சத்தத்த இதுவரைக்கும் நீங்க வெளிய நின்னுதான் கேட்டிருக்கீய" என்றாள்.

கல்லை அடுப்பின்மேல் வைத்தாள். மகளைத் தூக்கி நிறுத்திக் கையைத் தடவிப் பார்த்தாள். "வெரலை மடக்கு... நீட்டு... ஒண்ணுமில்ல. முறியல. நல்ல எலும்பு" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு இருவரும் வாசல்வழியே போனார்கள். தெருவில் எல்லோரும் நின்றிருந்தார்கள். யாரும் உள்ளே வந்து என்னைத் தூக்கவில்லை. செல்லத்தாய் கேட்டைச் சாத்தினாள்.

ஜூலை 23, புதன்

அரசு மருத்துவமனை. படியில் தவறி விழுந்தேன் என்று சொன்னேன். பயிற்சி டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் அப்படியே எழுதிக்கொண்டான். இடது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். மூச்சை இழுத்தால் வலி. தும்மினால் உயிர் போகிறது.

ஜூலை 27, ஞாயிறு

கேழ்வரகு காய்ச்சினேன். கட்டி தட்டிவிட்டது. கொட்டினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பள்ளியிலிருந்து கடிதம். விசாரணை முடியும்வரை வர வேண்டாமாம். டாக்டர் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறார். வடிவும் கொடுத்திருக்கிறாள். நோட்டின் படங்கள் எல்லாம் அதோடு இருக்கின்றனவாம்.

அவள் போனுக்குப் பதினாறு தடவை அடித்தேன். பதினேழாவதற்கு மாலினி எடுத்து, "அம்மா வாக்கிங் போயிருக்காவ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

மகளிர் காவல் நிலையத்தில் விசாரணை. பதினொரு மணிக்குப் போனேன். வடிவும் மாலினியும் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வடிவு நீலச் சேலை கட்டியிருந்தாள். நான் வாங்கித் தந்ததில்லை. நான் உள்ளே நுழைந்தபோது எழுந்து நிற்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா வெள்ளைத்தாளும் பேனாவும் தந்தார். "எது எப்போ நடந்துச்சுன்னு உங்க கைப்பட எழுதுங்க சார். வாத்தியார்தானே, தப்பில்லாம எழுதுங்க."

முதலில் '2021, சுண்டுவிரல், கதவிடுக்கில்' என்று எழுதினேன். எதிரே வடிவு அந்த விரலை மேஜைமேல் வைத்திருந்தாள். நுனியில் இன்னும் கோணல். அடித்துவிட்டு, 'நான் கதவைச் சாத்தினேன்' என்று எழுதினேன். 2023, கணுக்கால், நான் உதைத்தேன். ஜூன் 7, இடது முன்கை, நான் முறுக்கினேன். பெல்ட், மாடி, மாத்திரை எல்லாம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. நான் இவ்வளவு நேராக எதையும் எழுதியதில்லை. முடித்தபோது ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாகவே தோன்றியது. கையெழுத்துப் போடப் போனேன்.

"நான் ஒருதரம் பாக்கலாமா?" என்று வடிவு கேட்டு வாங்கினாள். மெதுவாகப் படித்தாள். "ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள்.

"எல்லாம் எழுதிட்டேன்ளா."

அந்த 'ளா'வுக்கு இன்ஸ்பெக்டர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் எழுதிட்டேன், வடிவு" என்றேன்.

"வலது பக்கத்து விலா எலும்பு. ஆசுபத்திரியில எடுத்த படத்துல தெரிஞ்சுது. பழைய முறிவு, தானாக் கூடியிருக்குன்னு டாக்டரம்மா சொன்னாவ. அப்ப நீங்க என்னய ஆசுபத்திரிக்கே கூட்டிட்டுப் போகல."

"எப்போ?"

"ரெண்டாயிரத்து ஒம்பது. பிப்ரவரி பதிமூணு, வெள்ளிக்கிழமை. உங்க பள்ளிக்கூடத்துல வெளையாட்டு விழா. சுழற்கோப்பை வாங்கிட்டு வந்தீய."

கோப்பை நினைவிருக்கிறது. மேடையில் போட்ட மாலை நினைவிருக்கிறது. பிள்ளைகள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறது. வடிவு கதவைத் திறந்தது நினைவிருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை.

"மூணு மாசம் ஒருச்சாய்ச்சுப் படுக்க முடியல. தும்மல் வந்தா செவுத்தப் பிடிச்சுக்கிடுவேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. சாட்சி சொல்கிற குரல்.

"எதுக்கு அடிச்சேன்?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

வடிவு என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதுங்க. நீங்க அன்னைக்கும் சொல்லல. பதினாறு வருசமா நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். கதவத் தெறக்க நேரமாச்சோ, குழம்புல உப்பில்லையோ, நான் சிரிக்கலையோன்னு."

தாள் என் பக்கம் திரும்பி வந்தது. 13.2.2009, வெள்ளி என்று எழுதினேன். வலது விலா எலும்பு என்று எழுதினேன். நான் என்று எழுதி, உதைத்தேனா குத்தினேனா என்று அவளிடமே கேட்டேன். "உதைச்சீய" என்றாள். எழுதினேன். அடுத்து, காரணம் என்று எழுதினேன்.

அதற்குமேல் பேனா நகரவில்லை. மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.